ஆறாம் அத்தியாயம்: மாணவியர் கையில் திருப்புளி

தேர்ச்சிப் பட்டியலும் கருவிப்பெட்டியும்

பெரம்பலூரும் அரியலூரும் பரீட்சையைக் கண்டு அஞ்சுகிற ஊர்கள் அல்ல. 2022-ஆம் ஆண்டின் பிளஸ் டூ தேர்வில் 97.95 சதவீதத் தேர்ச்சியோடு மாநிலத்தின் முதல் இடத்திலும், மறு ஆண்டின் பத்தாம் வகுப்புத் தேர்வில் 97.67 சதவீதத்தோடு மீண்டும் முதல் இடத்திலும் நின்றது பெரம்பலூர் மாவட்டம்; 2024-இல் பத்தாம் வகுப்பில் 97.31 சதவீதமும், 2025-இல் பிளஸ் டூவில் 98.82 சதவீதமும் பெற்று அந்தப் பெருமையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டது அரியலூர் மாவட்டம். 2011-ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கெடுப்பின்போது பெண்களின் எழுத்தறிவு பெரம்பலூரில் ஏறக்குறைய 66 சதவீதமாகவும் அரியலூரில் ஏறக்குறைய 62 சதவீதமாகவும், அதாவது மாநிலச் சராசரியான 73-க்கு வெகு கீழே இருந்ததை நினைவில் வைத்துக்கொண்டு இந்த எண்களைப் படிப்பவர், இங்கே நிகழ்ந்திருப்பது சாமானியமான காரியம் அல்ல என்பதை உணர்வார்.

ஆயினும் தேர்ச்சிப் பட்டியல் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. எந்தப் பள்ளியின் அறிவியல் கண்காட்சிக்கேனும் சென்று, மேசைக்கு முன்னால் நின்று மனப்பாடமாக விளக்கம் சொல்பவர் யார், மேசைக்குப் பின்னால் குனிந்து அறுந்த கம்பியை ஒட்டவைப்பவர் யார் என்று ஐந்து நிமிஷம் கவனித்தால் போதும். விளக்கம் சொல்வதும், சார்ட் பேப்பரில் அழகாகத் தலைப்பு எழுதுவதும், விருந்தினருக்குச் சந்தனம் கொடுப்பதும் பெரும்பாலும் மாணவியருக்கு விதிக்கப்பட்ட வேலைகள். பேட்டரியும் மோட்டாரும் சூட்டுக்கோலும் பையன்களின் வசம். யாரும் இப்படி உத்தரவு போட்டதில்லை. ஆனால் உத்தரவு இல்லாமலேயே நடக்கிற காரியங்கள்தாம் மாற்றுவதற்கு மிகவும் கடினமானவை.

இந்த அத்தியாயத்தின் நோக்கம் மிகச் சுருக்கமானது. பெண் குழந்தைகளுக்கு ரோபோட்டிக்ஸில் ஆர்வம் ஊட்டுவது எப்படி என்று இங்கே ஆராயப்போவதில்லை. ஆர்வம் அவர்களிடம் முன்பே இருக்கிறது. அந்த ஆர்வம் கருவியைத் தொடுவதற்கு முன்பே வாடிப்போகாதபடி நேரத்தையும் இடத்தையும் வேலைப் பங்கீட்டையும் எவ்வாறு ஒழுங்கு செய்வது என்பதே, தலைமை ஆசிரியர்களும் அறிவியல் ஆசிரியைகளும் பெற்றோரும் அறிய வேண்டியது.

அரியலூர் தந்த முன்னுதாரணம்

முன்னுதாரணம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. 2012-ஆம் ஆண்டு ஏப்ரல் 26-ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. சி-19 ராக்கெட் சுமந்து சென்ற ரிசாட்-1 என்ற செயற்கைக்கோளின் திட்ட இயக்குநர் என். வளர்மதி, அரியலூரில் பிறந்து வளர்ந்தவர். கோவை அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியில் பொறியியலும், அண்ணா பல்கலைக்கழகத்தில் மேற்படிப்பும் முடித்து 1984-இல் இஸ்ரோவில் சேர்ந்த அவர், பல செயற்கைக்கோள் திட்டங்களில் பணியாற்றிய பின்பு அந்தப் பொறுப்புக்கு வந்தார். ஏறக்குறைய 1,858 கிலோ எடையுள்ள ரிசாட்-1, இந்தியா தானே உருவாக்கிய முதல் ரேடார் படமெடுக்கும் செயற்கைக்கோள். மேகம் மூடியிருந்தாலும், நள்ளிரவாயிருந்தாலும், பூமியின் மேல் ரேடியோ அலைகளைச் செலுத்தி, அவை திரும்பி வரும் விதத்தைக் கொண்டு வயலையும் வெள்ளத்தையும் படமாக்கக்கூடியது. கொள்ளிடத்தில் வெள்ளம் வரும் நாட்களில் வானம் தெளிவாக இருப்பதில்லை என்பதை அறிந்த அரியலூர்க்காரர்களுக்கு அந்தச் சக்தியின் அருமையை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அப்துல் கலாம் அவர்களின் பெயரால் தமிழ்நாடு அரசு 2015-இல் ஏற்படுத்திய விருதை முதன்முதலாகப் பெற்றவரும் இவரே.

இந்த வரலாற்றைப் பள்ளியில் எடுத்துரைப்பது அவசியம். ஆனால் அதைச் சொல்வதோடு நிறுத்திக்கொள்வது பெரும் பிழை. ஒரு பெரிய பெயரைக் கேட்டுக் கைதட்டிவிட்டு, தான் ஒரு பல்பைக்கூட எரியவைத்துப் பார்க்காமல் வீடு திரும்பும் சிறுமிக்கு, அந்தப் பெயர் எட்டாத உயரமாகவே நின்றுவிடுகிறது. ஆகவே, படத்தைச் சுவரில் மாட்டுகிற அதே நாளில் கருவிப்பெட்டியையும் திறந்து வைக்க வேண்டும் என்பதை முதல் விதியாகக் கொள்க.

ஒருத்தியை அனுப்பாதீர்கள்

பள்ளிகள் வழக்கமாகச் செய்வது, நன்றாகப் படிக்கிற ஒரு மாணவியைத் தேர்ந்தெடுத்து, ஐந்தாறு பையன்கள் உள்ள குழுவில் சேர்த்து, 'எங்கள் குழுவிலும் ஒரு பெண் இருக்கிறாள்' என்று திருப்தி அடைவது. அந்தப் பெண் இரண்டு வாரம் வருவாள், பிறகு ரெக்கார்டு நோட்டு எழுதுபவளாக மாறுவாள், பின்பு வரமாட்டாள்.

இதற்கு மாற்று வழியைத் திருச்சிக்குத் தெற்கேயுள்ள புதுக்கோட்டை மாவட்டம் முப்பது ஆண்டுகளுக்கு முன்பே காட்டியிருக்கிறது. 1991, 92-ஆம் ஆண்டுகளில் அங்கே நடந்த அறிவொளி இயக்கத்தின்போது, எழுத்துக் கற்ற கிராமத்துப் பெண்கள் சைக்கிளும் கற்றார்கள். தனியாக ஒரு பெண் சைக்கிள் ஏறியிருந்தால் தெருவே கூடிச் சிரித்திருக்கும். ஆயிரக்கணக்கான பெண்கள் ஒரே சமயத்தில் ஏறியபோது சிரிப்பதற்கு ஆள் மிஞ்சவில்லை. கல் குவாரியில் உழைத்தவர்களும், கிராமச் செவிலியரும், அங்கன்வாடிப் பணியாளர்களும் சைக்கிளில் வேலைக்குப் போவது சில மாதங்களில் சாதாரணக் காட்சியாயிற்று. பழக்கத்தை உடைப்பதற்குத் துணிச்சல் மிக்க ஒருத்தி போதாது. ஒன்றாக நிற்கிற ஒரு கூட்டம் வேண்டும் என்பதே அந்த அனுபவம் நமக்குத் தருகிற பாடம்.

எனவே, குழுவைப் பத்து மாணவியரோடு தொடங்குங்கள். ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளிலிருந்தே எடுப்பது நல்லது. பத்தாம் வகுப்பில் பொதுத்தேர்வின் பாரம் எல்லாவற்றையும் அமுக்கிவிடும். மதிப்பெண்ணை அளவுகோலாகக் கொள்ளாமல், பெயர் கொடுத்தவர்களில் சீட்டுக் குலுக்கிப் போட்டு எடுத்தாலும் குற்றமில்லை; கடைசி பெஞ்சில் அமர்ந்து, வீட்டில் நின்றுபோன மிக்ஸியைப் பிரித்துப் பார்க்கும் ஒருத்தி, முதல் மதிப்பெண் பெறுபவளைவிட இந்த வேலைக்குப் பொருத்தமாக இருக்கக்கூடும். இருபாலரும் பயிலும் பள்ளியானால், முதல் ஆண்டு மாணவியருக்குத் தனி மேசை ஒதுக்கி, கை பழகிய பிறகு அடுத்த ஆண்டில் கலந்த குழுக்களை அமைப்பது விவேகமானது.

நேரம், இடம், பேருந்து

இந்த மாவட்டங்களில் மாணவியர் குழுக்கள் கலைந்துபோவதற்கு அறிவியல் காரணம் அரிது. பேருந்துக் காரணமே அதிகம். பள்ளி விட்டபின் ஐந்தரை மணி வரை வகுப்பு என்று அறிவித்தால், வேப்பந்தட்டை, ஆலத்தூர், செந்துறை, ஆண்டிமடம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வருகிற பெண்ணின் பெயர் அன்றே பட்டியலிலிருந்து விழுந்துவிடும். மகளிருக்குச் சாதாரண நகரப் பேருந்துகளில் 2021 முதல் கட்டணமில்லை என்பது பெரிய உதவி. ஆனால் இல்லாத பேருந்தில் இலவசமாக ஏற முடியாது. ஆகவே குழுவை அமைப்பதற்கு முன்பு, ஒவ்வொரு மாணவியும் எந்த ஊரிலிருந்து, எந்தப் பேருந்தில், எத்தனை மணிக்கு வந்து போகிறாள் என்பதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் தாள்தான் உங்கள் கால அட்டவணை. வாரத்தில் இரண்டு நாள் மதிய உணவுக்குப் பிந்தைய பாடவேளையும், மாதத்தில் ஒரு சனிக்கிழமை முற்பகலும் கிடைத்தால் போதுமானது. மாலை நேரத்தைக் கேட்காதீர்கள்.

இடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியவை சில. அறை பூட்டிக் கிடக்கக் கூடாது. சாவி ஆசிரியையிடம் ஒன்றும் மாணவியர் தலைவியிடம் ஒன்றுமாக இருக்கட்டும். விலையுயர்ந்த பொருள் என்று அலமாரிக்குள் அடைத்து, ஆய்வாளர் வரும் நாளில் மட்டும் எடுத்து வைக்கப்படும் உபகரணம் பள்ளிக்குப் பாரமேயன்றிப் பிரயோசனம் அல்ல. அருகில் தண்ணீர் வசதியுள்ள சுத்தமான கழிப்பறை இருக்கிறதா என்று பாருங்கள். மாதவிலக்கு நாட்களில் மாணவி அமைதியாக விடுப்பு எடுப்பதற்கும் எடுக்காமலிருப்பதற்கும் அது ஒன்றே காரணமாகிவிடும். சூட்டுக்கோல் வேலை நடக்கும் மேசை ஜன்னலோரம் இருக்கட்டும். ஈயம் உருகும்போது எழும் புகை கண்ணையும் மூச்சையும் உறுத்தும். துப்பட்டாவைப் பின்னால் கட்டிக்கொள்வதும், சடையை முடிந்துகொள்வதும் மேசைக்கு வருமுன் செய்ய வேண்டிய முதல் காரியம் என்பதைப் பழக்கமாக்குங்கள்.

மேசையில் யார் என்ன செய்வது

மூன்று பேருக்கு ஒரு மேசை, மூன்று வேலைகள். ஒருத்தி பாகங்களைப் பொருத்துகிறாள்; ஒருத்தி கணினியில் நிரல் எழுதுகிறாள்; ஒருத்தி அளந்து பார்த்துக் குறிப்பு எழுதுகிறாள். இந்த வேலைகள் ஒவ்வொரு அமர்விலும் கட்டாயம் மாற வேண்டும். கடிகாரத்தைப் பார்த்து மாற்றுங்கள். விருப்பத்தைக் கேட்டு மாற்றாதீர்கள். விருப்பத்தைக் கேட்டால், கையெழுத்து அழகாக உள்ளவள் எப்போதும் குறிப்பேட்டையே எடுப்பாள். அது விருப்பம் போலத் தோன்றும், உண்மையில் பயம்.

ஆசிரியருக்கும் ஒரு கட்டுப்பாடு உண்டு. மாணவி தடுமாறும்போது அவள் கையிலிருந்து திருப்புளியை வாங்கித் தாமே முடுக்கிக் கொடுக்கும் அன்பான பழக்கம், அவள் கற்றுக்கொள்வதற்குப் பெரும் இடையூறு. கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, 'எந்தக் கம்பி எங்கே போகுதுன்னு விரலை வெச்சுக் காட்டும்மா' என்று மட்டும் கேளுங்கள். பத்தில் ஏழு முறை, அப்படி விரல் வைத்துக் காட்டும்போதே பிழை அவள் கண்ணில் படும்.

முதல் வேலை: கோட்டைத் தொடரும் வண்டி

வெள்ளைத் தரையில் ஒட்டிய கறுப்பு நாடாவைப் பின்பற்றித் தானே ஓடும் சிறு வண்டி, தொடக்கத்துக்கு மிகவும் ஏற்றது. அதற்கு வேண்டியவை: ஓர் ஆர்டுயினோ உனோ பலகை, பற்சக்கரம் இணைந்த மஞ்சள் மோட்டார் இரண்டு, அவற்றை இயக்கும் எல்298என் பலகை ஒன்று, அகச்சிவப்புச் சென்சார் இரண்டு, எந்தப் பக்கமும் திரும்பும் சிறு முன்சக்கரம், பேட்டரிப் பெட்டி, பிளைவுட் அல்லது அக்ரிலிக் தட்டு. திருச்சியின் எலெக்ட்ரானிக்ஸ் கடைகளிலோ சென்னை ரிச்சி தெருவிலோ உதிரியாக வாங்கினால் ஒரு வண்டிக்கு ஏறக்குறைய 1,500 ரூபாய்க்குள் முடியும். பெரிய கம்பெனிகளின் அலங்காரப் பெட்டி பல மடங்கு விலை. ஒரு பாகம் பழுதானால் முழுப் பெட்டியும் முடங்கிவிடும். உதிரிப் பாகம் என்றால் பழுதானதை மட்டும் மாற்றலாம்.

சென்சார் வேலை செய்யும் விதத்தை முதலில் விளங்கவையுங்கள். அதிலுள்ள சிறு விளக்கு கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை வீசுகிறது. வெள்ளைத் தரை அதைத் திருப்பி அனுப்புகிறது. கறுப்பு நாடா விழுங்கிவிடுகிறது. கோட்டின் இருபுறமும் ஒவ்வொரு சென்சார் நிற்க, இரண்டும் வெள்ளையைக் கண்டால் வண்டி நேரே போக வேண்டும். இடப்புறச் சென்சார் கறுப்பைக் கண்டால் இடப்புறமும், வலப்புறச் சென்சார் கண்டால் வலப்புறமும் திரும்ப வேண்டும். இந்த மூன்று வாக்கியங்களைத் தமிழில் குறிப்பேட்டில் எழுதியவள் நிரலில் பாதியை எழுதி முடித்துவிட்டாள்.

இனி, வண்டி நிச்சயமாக முதல் நாளில் ஓடாது. அப்போது பார்க்க வேண்டியவற்றை வரிசையாகச் சொல்லுகிறோம். ஒரு சக்கரம் முன்னும் மற்றது பின்னுமாகச் சுழன்றால், ஒரு மோட்டாரின் இரண்டு கம்பிகளை இடம் மாற்றிப் பொருத்துங்கள். வண்டி சன்னதம் வந்ததுபோல் காரணமின்றித் துடித்தால், மோட்டார்ப் பலகையின் கிரவுண்டுக் கம்பி ஆர்டுயினோவின் கிரவுண்டோடு சேர்க்கப்படாமல் இருக்கும். மோட்டார் முனகிக்கொண்டு நகராமல் நின்றால் மின்னழுத்தம் போதவில்லை. அந்தப் பலகையே ஏறக்குறைய 2 வோல்ட்டை விழுங்கிவிடுகிற காரணத்தால், 6 வோல்ட் கொடுத்தால் மோட்டாருக்கு 4 வோல்ட்தான் மிஞ்சும். காலையில் ஒழுங்காக ஓடிய வண்டி நண்பகலில் ஜன்னல் பக்கம் வந்ததும் கோட்டை விட்டு விலகினால், குற்றம் நிரலில் இல்லை, சூரியனில் இருக்கிறது. வெயிலிலும் அகச்சிவப்பு ஒளி இருப்பதால் சென்சார் ஏமாந்துபோகிறது. சென்சாரின் முதுகிலுள்ள நீல நிறத் திருகைச் சிறு திருப்புளியால் மெல்லத் திருப்பி உணர்திறனைச் சரிசெய்து, ஓர் அட்டையால் அதற்கு நிழல் கொடுக்க வேண்டும். இந்தக் கடைசிப் பிழையைத் தானே கண்டுபிடிக்கிற மாணவி, பௌதிகப் புத்தகத்தில் ஒளியியல் பாடத்தை வேறு கண்ணோடு படிப்பாள்.

இரண்டாம் வேலை: வெங்காய வயல்

விளையாட்டு வண்டியோடு நின்றால் ஊர் இதை விளையாட்டாகவே கருதும். ஆகவே இரண்டாம் வேலை ஊருக்குப் பயன்படுவதாக இருக்கட்டும். பெரம்பலூர் வட்டாரத்தின் சின்ன வெங்காயம் தண்ணீர் குறைந்தால் பருக்காது, மிஞ்சினால் அழுகும். மண்ணின் ஈரத்தை அளந்து, குறைந்தால் விளக்கு எரியவும் மிகுந்தால் மணி ஒலிக்கவும் செய்யும் சிறு கருவியை, வண்டி செய்து பழகிய மாணவியர் சில வாரங்களில் செய்துவிடலாம். கடையில் மலிவாகக் கிடைக்கும் இரண்டு கால் சென்சாரில் மின்சாரம் ஓயாமல் ஓடினால், மின்னாற்பகுப்பினால் உலோகப் பூச்சு சில வாரங்களிலேயே அரித்துப்போகும். எனவே அளக்கும் கணத்தில் மட்டும் மின்சாரம் செல்லும்படி நிரலை எழுத வேண்டும், அல்லது சற்றே விலை கூடிய கெபாசிட்டிவ் வகையை வாங்க வேண்டும்.

இந்த வேலையில் மாணவியருக்குத் தனிச் சாதகம் ஒன்று இருக்கிறது. களை எடுக்கவும் வெங்காயம் அறுக்கவும் தாயோடு வயலுக்குப் போன அனுபவம் அவர்களில் பலருக்கு உண்டு. எந்த ஆழத்தில் சென்சாரை ஊன்றுவது, எந்த மண் எத்தனை நாளில் காயும் என்பவற்றை நகரத்துப் பொறியாளர் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். இவர்களுக்கு அது பழக்கத்தில் வந்தது. திருவண்ணாமலையைச் சேர்ந்த வினிஷா உமாசங்கர் தம் தெருவில் கரி அடுப்புப் பெட்டியோடு துணி தேய்ப்பவரைப் பார்த்தே சூரிய ஒளியில் இயங்கும் இஸ்திரி வண்டியை வடிவமைத்தார். 2021-இல் கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டில் உலகத் தலைவர்கள் முன் அவர் பேசுவதற்கு வழி அமைத்தது அந்த வண்டி. கண்ணெதிரே இருக்கும் தேவையிலிருந்து தொடங்கியதே அதன் சிறப்பு.

ரோபோட்டிக்ஸில் மனம் செல்லாத மாணவியரை வற்புறுத்த வேண்டாம். ஏறக்குறைய 12 கோடி ஆண்டுப் பழமையும் 18 மீட்டர் நீளமும் உடைய சாத்தனூர்க் கல்மரமும், காரை வட்டாரத்தின் வறண்ட ஓடைகளில் தென்படும் கடற்சிப்பிப் படிமங்களும், வாரணவாசியிலுள்ள புதைபடிவ அருங்காட்சியகமும் உலகின் பல நாட்டு அறிஞர்களை இழுத்து வந்தவை. படிமங்களை எடுத்து வராமல், இருந்த இடத்திலேயே அளந்து, வரைந்து, படமெடுத்துப் பதிவு செய்யும் ஒரு நில இயல் குழுவையும் இதே விதிகளின்படி நடத்தலாம்.

தவறு நேர்ந்தால்

நன்றாகப் படிக்கும் பெண்ணை நாம் தவறே செய்யாதவளாக வளர்த்துவிடுகிறோம். இயந்திரத்தின் முன் அது ஒரு குறையாகிறது. ஒரு முறை வண்டி ஓடாவிட்டால், 'எனக்கு இது வராது டீச்சர்' என்று ஒதுங்கிவிடுகிறாள். அவளுக்கு ஆசாதிசாட் கதையைச் சொல்லுங்கள். நாடெங்கும் 75 அரசுப் பள்ளிகளைச் சேர்ந்த 750 மாணவியர், அவர்களில் மதுரை மாவட்டம் திருமங்கலத்து மாணவியரும் அடக்கம், பகுதி பகுதியாகச் செய்து இணைத்த 8 கிலோ செயற்கைக்கோளை 2022 ஆகஸ்ட் 7-ஆம் தேதி இஸ்ரோவின் புதிய சிறு ராக்கெட் எடுத்துச் சென்றது. இரண்டாம் அடுக்கு பிரியும்போது எழுந்த அதிர்வை, கணினி, சென்சார்கள் பழுதடைந்ததாகத் தவறாக முடிவு செய்தது; செயற்கைக்கோள் வட்டப் பாதைக்குப் பதிலாகப் பூமிக்கு 76 கிலோமீட்டர் வரை தாழ்ந்துவரும் நீள்வட்டப் பாதையில் விடப்பட்டு அழிந்தது. காரணம் ஆராயப்பட்டது, பிரிக்கும் அமைப்பும் கணினியின் தர்க்கமும் திருத்தப்பட்டன, 2023 பிப்ரவரி 10-ஆம் தேதி ஆசாதிசாட்-2 உரிய பாதையில் சேர்ந்தது. அனுபவம் மிக்க விஞ்ஞானிகளின் ராக்கெட்டே சென்சாரால் ஏமாந்திருக்கும்போது, எட்டாம் வகுப்பு மாணவியின் வண்டி ஏமாறுவதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? குறிப்பேட்டில் பிழைகளுக்கென்றே தனிப் பக்கம் ஒதுக்கி, பிழை, காரணம், திருத்தம் என்று மூன்று பத்தி போட்டு எழுதச் செய்யுங்கள். மாத இறுதியில் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் பாராட்ட வேண்டும்.

போட்டிகளும் பணத்துக்கான வழிகளும்

முதல் ஆண்டில் பெரிய போட்டிகளுக்குப் பறக்க வேண்டாம். தமிழ்நாடு அறிவியல் இயக்கம் மாவட்டந்தோறும் நடத்திவரும் குழந்தைகள் அறிவியல் மாநாடு 10 முதல் 17 வயது வரையுள்ளவர்களுக்கானது. உள்ளூர்ப் பிரச்சினையை ஆராய்ந்து எழுதுவதே அதன் மையமாதலால் வெங்காய வயல் வேலை அதற்கு அப்படியே பொருந்தும். மத்திய அரசின் இன்ஸ்பயர்-மானக் திட்டத்தில் பள்ளிகள் மாணவர்களின் யோசனைகளைப் பதிவு செய்யலாம். தேர்வாகும் யோசனைக்கு 10,000 ரூபாய் கிடைக்கும். 2022 நவம்பரில் திருச்சியில் தொடங்கப்பட்ட வானவில் மன்றத்தின் கருத்தாளர்கள் 6 முதல் 8 வரையுள்ள வகுப்புகளுக்குப் பரிசோதனைப் பொருட்களோடு வருகிறார்கள். அவர்களில் பெண்கள் பலர். அந்த வருகையை ஒரு நாள் வேடிக்கையாக்காமல், குழுவின் ஐயங்களை எழுதி வைத்துக் கேட்கும் நாளாக்குங்கள்.

இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளில் உலக ரோபோ ஒலிம்பியாட் போன்ற போட்டிகளின் உள்நாட்டுச் சுற்றுகளுக்கு முயலலாம். உலகப் போட்டி என்றதும் மலைக்க வேண்டியதில்லை. ஆப்கானிஸ்தானின் ஹேராத் நகரத்துச் சிறுமியர் 2017-இல் வாஷிங்டனில் நடந்த போட்டிக்குச் செல்ல இரண்டு முறை விசா மறுக்கப்பட்டும் விடாமல் முயன்று கலந்துகொண்டு, துணிவுக்கான வெள்ளிப் பதக்கத்தோடு திரும்பினார்கள். கொரோனா காலத்தில் டொயோட்டா கரோலா காரின் பாகங்களைக் கொண்டு அந்தக் குழுவினர் மலிவான செயற்கைச் சுவாசக் கருவியின் மாதிரியையும் செய்தார்கள்.

பணத்துக்கு மூன்று கதவுகளைத் தட்டலாம். நீதி ஆயோக்கின் அடல் டிங்கரிங் ஆய்வகத் திட்டம் தேர்வாகும் பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை தருகிறது. 2025 மத்திய பட்ஜெட்டில் ஐந்து ஆண்டுகளில் அரசுப் பள்ளிகளில் 50,000 ஆய்வகங்கள் என்று அறிவிக்கப்பட்டிருக்கிறது. இரண்டாவது, 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டப்படி பெரிய தொழிற்சாலைகள் தங்கள் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அரியலூரின் சிமெண்ட் ஆலைகளுக்கும் பெரம்பலூரின் புதிய தொழிற்சாலைகளுக்கும் இது பொருந்தும். மூன்றாவது பலர் அறியாதது: சுரங்கக் குத்தகைதாரர்கள் செலுத்தும் தொகையால் அமைந்த மாவட்டக் கனிம அறக்கட்டளை. சுண்ணாம்புக்கல் வெட்டப்படும் கிராமங்களின் நலனுக்கான அந்த நிதியில் கல்வி முன்னுரிமை இனங்களுள் ஒன்று. பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் நிறைவேற்றி, பாகங்களின் பட்டியலையும் விலையையும் இணைத்து, மாவட்ட ஆட்சியருக்கு விண்ணப்பியுங்கள். மேலாண்மைக் குழுவில் சட்டப்படி பாதிப் பேர் பெண்களாதலால், தாய்மார்களின் குரலாகவே அந்தத் தீர்மானம் எழுவது சிறப்பு.

வீட்டாரோடு பேசுதல்

'பொட்டப்புள்ளைக்கு எதுக்கு டீச்சர் இந்தக் கம்பி வேலையெல்லாம்?' என்று ஓர் அப்பாயி கேட்டால் கோபம் கொள்ளாதீர்கள். 'நீங்களே ஒரு நாள் வந்து பாருங்கம்மா' என்று அழையுங்கள். ஆகஸ்ட் 15 விழாவில் நடனத்துக்கு அடுத்தபடி வண்டியும் ஓடட்டும். ஓட்டுபவளே அது எப்படி ஓடுகிறது என்று தன் ஊர்ப் பேச்சில் விளக்கட்டும். வீட்டில் நின்றுபோன மின்விசிறியின் கெபாசிட்டரை ஆசிரியையின் மேற்பார்வையில் மாற்றக் கற்ற பெண்ணுக்கு, அதன்பின் வீட்டில் எதிர்ப்பு பெரும்பாலும் அடங்கிவிடும். மின்னிணைப்பைத் துண்டித்த பிறகே தொட வேண்டும் என்ற விதியை மட்டும் நூறு முறை சொல்லுங்கள்.

கல்யாணப் பேச்சு எழுந்து ஒருத்தி திடீரென்று பள்ளிக்கு வராமல் நின்றால், 18 வயதுக்குள் திருமணம் சட்டப்படி குற்றம் என்பதையும், 1098 என்ற குழந்தைகள் உதவி எண் இரவும் பகலும் இயங்குகிறது என்பதையும் தயக்கமின்றிப் பயன்படுத்துவது ஆசிரியரின் கடமை. படிப்பு தொடர்வதற்கான உதவிகளையும் பெற்றோருக்கு எடுத்துச் சொல்லுங்கள்: அரசுப் பள்ளியில் படித்தோருக்குப் பொறியியல் சேர்க்கையில் 7.5 சதவீத இட ஒதுக்கீடு. உயர்கல்வியில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம். தொழில்நுட்பப் படிப்பில் சேரும் மாணவியருக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய் தரும் பிரகதி உதவித்தொகை.

ஆண்டு முடிவில்

ஆண்டு முடிவில் குழுவை மதிப்பிடக் கோப்பைகளை எண்ண வேண்டாம். நான்கு கேள்விகள் போதும். ஜூனில் சேர்ந்த பத்துப் பேரில் மார்ச்சில் எத்தனை பேர் எஞ்சியிருக்கிறார்கள்? ஒவ்வொருத்தியும் மூன்று வேலைகளையும் செய்திருக்கிறாளா? ஆசிரியை விடுப்பில் இருந்த நாளில் மேசை தானாக இயங்கியதா? அடுத்த ஆண்டு ஆறாம் வகுப்புக் குழந்தைகளுக்குக் கற்றுக்கொடுக்க இவர்களில் மூவரேனும் முன்வருகிறார்களா? நான்குக்கும் நல்ல விடை கிடைத்தால் உங்கள் குழு வேரூன்றிவிட்டது. எஞ்சியவர் ஐந்துக்குக் கீழாக இருந்தால், மாணவியரைக் குறை சொல்வதற்கு முன்பு பேருந்து அட்டவணையையும், அறைச் சாவியையும், வேலைப் பங்கீட்டையும் மறுபடி பாருங்கள். பிழை அந்த மூன்றில் ஒன்றில் இருக்கும்.

மாநிலத் தேர்ச்சிப் பட்டியலின் உச்சிக்கு இந்த இரண்டு மாவட்டங்களையும் கொண்டுபோய் வைத்த பெண் குழந்தைகளுக்குப் புத்திசாலித்தனத்தை நாம் கற்றுத்தர வேண்டியதில்லை. வருகிற ஜூன் மாதம் பள்ளி திறக்கும் முதல் வாரத்திலேயே பத்துப் பெயர்களை எழுதி, ஒரு மேசையை ஒதுக்கி, பெட்டியைத் திறந்து வையுங்கள். மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.